நான்கு விரற்கடை குறைத்த பெஞ்சு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தாங்கள் எந்த ஊரில் அமர்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்று நான் அறியேன். நான் எழுதுவது ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் கிடக்கும் பெஞ்சு ஒன்றைப் பற்றி. பெஞ்சைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தாங்கள் நினைக்கலாம். அதை வைத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். வைக்காவிட்டால் தொழிலைக் காலி செய்ய வேண்டும் என்று என் முழங்கால்கள் சொல்லின. நான் இரண்டையும் காலி செய்யவில்லை. அது எப்படி என்பதை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

என் தொழில் உடம்பு பிடித்துவிடுவது. பெண்களுக்கு மட்டும். எலும்பு முறிவு, வீக்கம், காய்ச்சல் என்று வருகிறவர்களை நான் தொடுவதில்லை, மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவேன். என்னிடம் வருகிறவர்களின் நோய்க்குப் பெரிய பெயர் எதுவும் கிடையாது. கம்பெனியில் நாள் முழுவதும் நின்று, பிடரி இறுகி, தோள்பட்டை கல்லாகி, கெண்டைக்கால் முறுக்கேறி வருகிறவர்கள். அந்த வலியை நான் உள்ளிருந்து அறிவேன். ஏனென்றால் நானும் அப்படி நின்றவள்தான்.

சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கு வந்த சில ஆண்டுகளில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சிறு சிறு பாகங்களைப் பொருத்தும் வேலை. அங்கிருந்த மேசைகள் ஆண்கள் நின்று வேலை செய்த காலத்தில் போடப்பட்டவை. பிறகு பெண்களை எடுத்தார்கள்; மேசைகளை மாற்றவில்லை. நான் குள்ளமானவள். அதைச் சொல்வதில் எனக்குக் குறைவு ஒன்றுமில்லை. என் மார்பு உயரத்துக்கு மேசை இருந்ததைக் கண்ட சூப்பர்வைசர் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னார்.

பலகை மேல் நிற்பது எளிது என்று நின்று பார்க்காதவர்கள் நினைப்பார்கள். பலகையின் அளவுக்குள்தான் பாதம் இருக்க வேண்டும். ஒரு காலைத் தளர்த்தி மற்றொரு காலில் சாய முடியாது, சாய்ந்தால் விளிம்பு. பொருள் எடுக்க இறங்க வேண்டும், பொருத்த ஏற வேண்டும். இடுப்பு எப்போதும் விழுந்துவிடுவோமோ என்று பயந்தபடியே இருக்கும். அந்தப் பயம் தோளுக்கு ஏறி அங்கேயே தங்கிவிடும். கம்பெனியில் எனக்குப் பெயர் கிடையாது. "ஏ பலகை, இங்க வா" என்பார்கள். பல ஆண்டுகள் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஒருவர் பிடரியை ஒருவர் அமுக்கிக்கொள்வோம். என் கை பட்டால் இதமாக இருக்கிறது என்று என்னையே கூப்பிட ஆரம்பித்தார்கள். பின்னர் என் தோளுக்கே சிகிச்சை தேவைப்பட்டது. சிகிச்சை கொடுத்தவரிடம் அந்தத் தசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஓயாமல் கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார். நூலகத்திலும் கிடைத்ததைப் படித்தேன். வேலையை விட்ட பின்பு இந்த முன்னறையில் பாய் விரித்தேன். தரையில் மண்டியிட்டுச் செய்தேன். கடைசியில் என் முழங்கால்கள் போயின. இனி மண்டியிடக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோதுதான், படுக்கிறவர் மேலே படுக்கவும் நான் நின்று செய்யவும் ஒரு பெஞ்சு வேண்டும் என்ற நிலை வந்தது.

முதலில் பெஞ்சு கொண்டுவந்தவன் என் மகன். அவன் தினமும் எல்லை தாண்டிப் பெங்களூரில் வேலைக்குப் போய் வருகிறவன். பெட்டி போல மடங்கிக் கையில் தூக்கிக்கொள்ளக் கூடிய ஒன்றை வாங்கி வந்தான். பிரித்து நிறுத்தினால் நான்கு மெல்லிய மரக்கால்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கக் கம்பிகள், தலைப்பக்கம் முகம் வைக்க ஒரு சின்ன வளையம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் குடியிருக்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு அதில் படுக்கச் சொன்னேன். அவள் கம்பெனி வேலைக்குப் போகிறவள், வாய்த்துடுக்குக்காரி, என்னிடம் வழக்கமாக வருகிறவள்.

நான் அவள் முதுகில் கை வைத்து அழுத்தியதும் பெஞ்சு கிறீச்சிட்டது.

"எம்மா, என்ன இது? டவுன் பஸ்ஸுல படுத்த மாதிரில்லா இருக்கு."

"அசையாம படும்மா."

"நான் எங்க அசையுதேன்? நீங்க அமுக்குதீங்க, அது ஆடுது. ரைட்டு சொல்லுங்க, கெளம்பிரும்."

சிறிது நேரம் பொறுத்திருந்து மறுபடி தலையைத் தூக்கினாள்.

"தாலி குத்துதும்மா."

பாயில் படுத்தபோது இந்தத் தொல்லை இல்லை. தலையணையை நகர்த்தி, தாலிக்கு இடம் விட்டு, பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைப்பேன். இதில் குப்புறப் படுத்தால் தாலி நெஞ்செலும்புக்கும் பெஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பெஞ்சோடு வந்த தாளில் படம் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்.

"கழுத்துல போட்டிருக்கறத எல்லாம் கழட்டி வச்சுட்டுப் படுங்கன்னு இதுல படம் போட்டிருக்குது."

"படம் போட்டவன மொதல்ல அவன் பொண்டாட்டிகிட்ட போயிச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் எனக்குச் சொல்லலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. உடம்பின் வலியைப் போக்கிக்கொள்ள வருகிறவளிடம் முதல் வேலையாக நீ யார் என்பதைக் கழற்றி வை என்று சொல்லும் பெஞ்சு எனக்குத் தேவையில்லை. அது சரி, இது தவறு என்று தாலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? கழுத்து அவளுடையது, கழற்றுவதா வேண்டாமா என்பதும் அவள் முடிவு.

அவள் எழுந்து போன சமயத்தில்தான் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மாடியில் குடியிருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இந்த வரிசை முழுதும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்தின் ராகி வயல். இப்போது அவர் கட்டிவிட்ட வாடகை அறைகள். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் அழைப்பார். கெட்டவர் அல்லர். என் கணவர் இறந்தபோது சாமியானா போட்டவரும் அவரே. ஆகவே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாகுந்தி அக்கா, நல்லா இருக்குது இது. வேலை ஆனதும் மடக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க. வெளிய தெரியாது."

"வெளிய தெரிஞ்சா என்னாங்க?"

"தப்பா நெனைக்காதீங்க. பாய் போட்டீங்க, யாரோ ஒறமொறை வந்து படுத்திருக்காங்கன்னு போயிடும். இந்த மாதிரி பெட்டு போட்டா மசாஜ் சென்டருன்னு ஆயிடும். ஹைவே மேல என்னென்னா போர்டு வச்சிருக்கறாங்க, நீங்களும்தான் பாக்கறீங்க."

"என்கிட்ட ஆம்பளைங்க வர்றதில்லியே."

"எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமா? எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது அக்கா. நாளைக்கிச் சம்மந்தம் பேச வர்றவங்க, கீழ் ரூம்ல என்னா நடக்குதுன்னு கேட்டா நான் என்னா சொல்றது? மடக்கறதா இருந்தா வைங்க. நெலையாப் போடறதா இருந்தா வேற வீடு பாத்துக்குங்க. வருத்தமாத்தான் இருக்குது, சொல்லிட்டேன்."

அவர் போன பிறகு என் மகன் சொன்னான்: "ஓனர் சொல்றது கரெக்டுதானேம்மா. மடக்கி வச்சுட்டாப் போச்சு. எதுக்கு வம்பு?"

"நான் வம்பு பண்ணல. பெஞ்சு பண்ணப் போறன்."

ஐயா, எங்கள் தெருமுனையில் முடிவெட்டும் கடை ஒன்று இருக்கிறது. அதன் நாற்காலி தெருவைப் பார்த்து நிற்கிறது. அதில் ஆண்கள் சாய்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நீட்டிக் கொடுத்துக் கிடக்கிறார்கள். கடைக்காரர் அவர்கள் தலையையும் தோளையும் தட்டி, திருகி, சொடுக்கெடுத்து அனுப்புகிறார். அந்த நாற்காலியை மடக்கி வை என்று யாரும் சொன்னதில்லை. ஆண் உடம்பு களைப்பாறலாம்; தெருவே பார்க்கலாம். பெண் உடம்பு களைப்பாறுவது என்றால் அது கட்டிலுக்கு அடியில் ஒளிய வேண்டிய காரியமாகிவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் நான் அதைக் கவனிக்காமல் இருந்தேன். மடக்கு என்று ஒருவர் சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது. மடக்கு பெஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி மகனிடம் சொன்னேன்.

அதன் பிறகு சில வாரங்கள் பெஞ்சு தேடினேன். மரக்கட்டிலைப் பார்த்தேன், அகலம் அதிகம், அதன் மேல் கவிழ்ந்தால்தான் நடுமுதுகு எட்டும். கவிழ்ந்தால் என் இடுப்பு போய்விடும். குருபரப்பள்ளியில் சாலையோரத்துப் பழைய சாமான் கடையில் மருத்துவமனைப் பெஞ்சு ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் பேருந்து ஏறிப் போனேன். இரும்பால் செய்தது, உறுதியானது. நானே அதில் ஏறிப் படுத்துப் பார்த்தேன். ஏறுவதற்குத் தனியாக ஒரு படி வைத்திருந்தார்கள். ஷிப்டு முடிந்து முழங்கால் வலியோடு வருகிறவளை இன்னொரு படி ஏறச் சொல்லும் பெஞ்சு அது. படுத்த பிறகோ, மேலே தெரிந்த தகரக் கூரையைப் பார்த்து, யாரோ வந்து நமக்கு என்ன நோய் என்று சொல்லப் போகிறார்கள் என்ற கலக்கம் எனக்கே வந்தது. என்னிடம் வருகிறவர்கள் நோயாளிகள் அல்லர், வேலை செய்து களைத்தவர்கள். இறங்கி வந்துவிட்டேன்.

கடைக்காரன் வியப்போடு, "பேடான்னா பாத்ததுமே வேணாம்னு சொல்லிட்டுப் போங்கம்மா, படுத்துப் பாத்துட்டுப் போறீங்களே" என்றான். படுத்துப் பார்க்காமல் எதை வைத்து வேண்டாம் என்று சொல்வது?

முடிவில் எங்கள் பகுதியிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். சின்னக் கம்பெனிகளுக்குத் தள்ளுவண்டியும் வேலை மேசையும் செய்து கொடுக்கிறவர். அவர் மனைவி என்னிடம் தோள் வலிக்கு வருகிறவர். அதனால் பாய்க்கு என் தொழிலைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை.

"நீளம் ஆறடி போட்டுடலாம். அகலம்?"

"ஒரு பக்கம் நின்னு கையை நீட்டினா அந்தப் பக்கத்துத் தோள் எட்டணும்."

அவர் ஒரு தகட்டை மேசை மேல் வைத்து, என்னை நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி அகலத்தைக் குறித்துக்கொண்டார்.

"ஒசரம் ஸ்டாண்டர்டு வச்சிடறன்."

"யாரோட ஸ்டாண்டர்டு பாய்?"

"அதெல்லாம் எனக்கெப்பிடிக்கா தெரியும்? டிராயிங்ல வரும், நான் வெட்டுவன். கம்பெனி டேபிளு எல்லாத்துக்கும் ஒரே ஒசரம்தான்."

"இது கம்பெனி டேபிளு இல்ல. இங்க பாருங்க." நான் நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, விரல்களை மடக்கிக் காட்டினேன். கைப்பிடி தொங்கும் இடத்தில் பெஞ்சின் மேற்பரப்பு இருந்தால்தான் முழங்கையை மடக்காமல் உடம்பின் எடையை அழுத்தமாக மாற்ற முடியும். அதைவிட உயர்ந்தால் தோளால் அமுக்க வேண்டிவரும்; தாழ்ந்தால் இடுப்பால் குனிய வேண்டிவரும். பாய் தரையிலிருந்து என் கைப்பிடி வரை டேப் பிடித்துச் சுவரில் சாக்பீசால் கோடு போட்டார்.

"மூஞ்சிக்கு ஓட்டை வேணுமில்ல?"

"மூஞ்சிக்கு மட்டும் பத்தாது. அதுக்குக் கீழ நெஞ்சு நடு வரைக்கும் ஒரு சந்து வேணும். தாலி தொங்கணும், குத்தக் கூடாது."

அவர் உடனே புரிந்துகொண்டார். "நல்லதாச்சு. எங்க வீட்லயும் கருகமணியக் கழட்ட மாட்டா. கழட்டுன்னா, உங்களுக்கு என்னா ஆகணும்னு நெனைக்கறீங்கன்னு சண்டைக்கி வருவா." பலகையின் மேல் சாக்பீசால் வரைந்து காட்டினார்: மேலே வட்டம், கீழே ஒடுங்கிய சந்து. சாவித் துவாரம் போல இருந்தது. அப்படி ஒரு பெஞ்சை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

பெஞ்சு தயாரானது என்று தகவல் வந்ததும் மகனோடு போனேன். இரும்புச் சட்டம், பச்சைப் பெயிண்டு, கால்களில் ரப்பர் மூடிகள், கருநீல ரெக்சின். சந்தின் ஓரங்களைக்கூட மடித்துத் தைத்திருந்தார்கள். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மனம் நிறைந்தது. பக்கத்தில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டேன்.

என் கைப்பிடி பெஞ்சின் மேற்பரப்புக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது.

பாய் டேப்பை எடுத்து அளந்து காட்டினார். "பாருங்கக்கா, கோடு போட்ட அளவுதான். ஒசரம்னா ஃபிரேமோட ஒசரம், மெத்தை அதுக்கு மேல. கரெக்டா இருக்குது." மெத்தை தைத்தவர் பக்கத்துப் பட்டறையில் லாரி சீட்டுத் தைக்கிறவர். அவரும் வந்தார். "நான் எப்பவும் போடற ஃபோம்தாங்க. ஒக்காந்தா அமுங்கிடும்." சீட்டில் உட்காருகிறவரின் எடை ஓரிடத்தில் இறங்கும், மெத்தை அமுங்கும். படுக்கிறவரின் எடை உடம்பு முழுதும் பரவிவிடும், அமுங்காது. அதை அவர் யோசிக்க வேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

இருவர் மீதும் நான் குறை சொல்லவில்லை. ஆளுக்கொரு பாகம் செய்து பழகிய ஊர் இது. ஒருவர் சட்டம் செய்வார், ஒருவர் மெத்தை தைப்பார், அவரவர் பாகம் சரியாகவே இருக்கும். எல்லாப் பாகமும் சேர்ந்த இடத்தில் நிற்கப் போகிறவள் யார் என்பது மட்டும் எந்த டிராயிங்கிலும் இருக்காது.

பாய் நல்ல மனத்தோடு சொன்னார்: "நாலு வெரலுதானேக்கா. இதுக்குப் போயி யோசிக்கறீங்க? ஒரு பலகை போட்டு நின்னுக்குங்க. நானே செஞ்சு தர்றன், காசு வேணாம்."

பலகை என்ற சொல் விழுந்ததும் என் இடது தோள் தானாக இறுகியது. அது என் அனுமதியைக் கேட்கவில்லை. மேசையைத் தொடாமல் மனிதரை உயர்த்தும் அந்த யோசனை, வேறு வாயிலிருந்து, வேறு காலத்தில், அதே இனிமையோடு மறுபடி வந்து நிற்கிறது.

"பலகை வேணாம் பாய். காலை வெட்டுங்க."

"எதுங்க?"

"பெஞ்சுக் காலை. நாலு வெரல்."

"புது சாமானுங்கக்கா! பெயிண்டு இன்னும் வாசம்கூடப் போகல. வெட்டினா மறுபடி தேய்க்கணும், அடிக்கணும். வேணும்னா ஃபோமக் குறைச்சுடலாம்."

"ஃபோமக் குறைச்சாப் படுக்கறவங்களுக்கு இடுப்பெலும்பு குத்தும். அவங்களுதை எடுத்து எனக்குக் குடுக்க வேணாம். இரும்பை வெட்டுங்க."

என் மகன் தாழ்ந்த குரலில், "ஏம்மா, ஒரு பலகைதானே. எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

"பலகை மேல நின்னுதான்டா உன்னப் படிக்க வச்சன். அந்த ஒரு பலகை போதும்."

என் பழைய பெயர் அவனுக்குத் தெரியாது. சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. அவன் போய்ப் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்து, கவிழ்த்து வைக்கப் பாய்க்குக் கை கொடுத்தான். பாய் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெட்டும் சக்கரத்தை ஓட்டினார். தீப்பொறி வாசல் வரை பறந்தது. நான்கு துண்டுகள் தரையில் விழுந்தன. ரப்பர் மூடிகளைக் கழற்றி வெட்டிய கால்களில் மாட்டி நிமிர்த்தினார். நான் மறுபடி போய் நின்றேன். வெறுந்தரையில் நின்றேன். என் கைப்பிடி ரெக்சினை வந்து தொட்டது. என்னை அளந்து செய்த ஒரு பொருளின் பக்கத்தில் நான் நிற்பது அதுவே முதல் முறை.

பாய் அந்த நான்கு இரும்புத் துண்டுகளையும் என் கையில் கொடுத்தார். "இந்தாங்க, உங்க ஸ்டாண்டர்டு" என்றார். அவர் கிண்டல் செய்தாரா மரியாதை செய்தாரா என்று தெரியவில்லை. நான் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரருக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, வேணாம்னு சொல்லியும் செஞ்சுட்டீங்க. சரி, கொண்டு வர்றதா இருந்தா இருட்டினப்புறம் எறக்குங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." மகன் அதுவே நல்லது என்றான். நான் லோடு ஆட்டோக்காரரிடம், மறுநாள் முதல் ஷிப்டுப் பேருந்துகள் ஆள் இறக்கும் நேரத்துக்குச் சரியாக வரச் சொன்னேன்.

மறுநாள் அப்படியே நடந்தது. வெயில் சாயவில்லை. ஒவ்வொரு கம்பெனிப் பேருந்தாக வந்து நின்று, கழுத்தில் அட்டை தொங்கப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடையில் கூட்டம். அந்த நேரத்தில் என் பெஞ்சு நடுத்தெருவில் இறங்கியது. வீட்டுக்காரர் மாடிப்படியில் வேகமாக இறங்கி வந்தார்.

"ஏமிட்டி அக்கா இது? இருட்டினப்புறம்னு சொன்னன் இல்ல?"

"இருட்டுல எறக்க இது என்னா திருட்டுச் சாமானுங்களா?"

தேநீர்க் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னா பாட்டி, மசாஜ் சென்டரா? ஓப்பனிங் ஆஃபர் உண்டா?" சிரிப்பொலி எழுந்தது. வீட்டுக்காரரின் முகம் சிறுத்தது. அவர் பயந்தது இதற்குத்தான். நானும் இதற்காகத்தான் பகலில் வந்தேன். பின்னால் பேசப் போகிறவர்கள் என் முன்னாலேயே பேசட்டும்.

"உண்டு தம்பி. உங்க வீட்டுப் பொம்பளைய அனுப்பு. நாளெல்லாம் நின்னுட்டு வந்து உனக்குச் சோறாக்கறாங்க இல்ல, அவங்க முதுகு எப்பிடி இருக்குதுன்னு பாத்துச் சொல்றன். நீ என்னிக்காவது கேட்டிருக்கறியா?"

பேருந்திலிருந்து இறங்கிய பெண்கள் இப்போது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு. கடைக்காரர் டம்ளர்களைக் கழுவத் தொடங்கினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூத்துக்குடிக்காரி வந்தாள். கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "எம்மா, வந்துட்டா? இதா?" என்று பெஞ்சைத் தட்டினாள். பையைக் கீழே போட்டாள். நான் தடுப்பதற்குள் ஏறிக் குப்புறப் படுத்துவிட்டாள், நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க. துவாரத்துக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"எம்மா, தரை தெரியுது! எறும்பு ஒண்ணு எதையோ இழுத்துட்டுப் போவுது!"

"தாலி?"

"தொங்குது. குத்தல. ஆடவும் இல்ல." பிறகு, "உங்களுக்கு எட்டுதா?" என்று கேட்டாள்.

என் உயரத்தைப் பற்றி எனக்காக ஒருவர் கேட்ட கேள்வி அது. கம்பெனியில் ஒருவரும் கேட்டதில்லை. நான் அவள் தோள்களில் இரண்டு கைகளையும் வைத்தேன். முழங்கை நேராக நின்றது. என் பாதங்கள் தெருமண்ணில் பரந்து பதிந்திருந்தன. எண்ணெய் இல்லை, திரை இல்லை. கோட்டுக்கு மேலேயே ஒருமுறை அழுத்தினேன். அவள் நீளமாக மூச்சு விட்டாள். அந்த மூச்சு அங்கு நின்றிருந்த எல்லாருக்கும் கேட்டது.

"எட்டுது" என்றேன்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "யாராவது கேட்டா நான் என்னா அக்கா சொல்லுவன்?"

"என்னைக் கேக்கச் சொல்லுங்க. பகல் முழுக்கக் கதவு தெறந்திருக்கும். உள்ள திரை போட்டிருப்பன். பொம்பளைங்க யார் வேணாலும் உள்ள வந்து பாக்கலாம். பெண்களுக்கு மட்டும்னு போர்டு போடறன்."

"போர்டு வேற போடுவீங்களா!"

"போடுவன். நீங்க காலி பண்ணச் சொல்றதா இருந்தா இப்பவே, இவங்க முன்னால சொல்லுங்க. ஆட்டோ இன்னும் போகல. ஏத்திக்கறன்."

அவர் தெருவைப் பார்த்தார். பெண்கள் நகராமல் நின்றிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவருடைய அறைகளில் குடியிருப்பவர்கள். அவர் என்னையும் பார்த்தார். "நீங்க அடங்க மாட்டீங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெண்கள் பெஞ்சைச் சாய்த்துப் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். நிலையில் உரசி ஓரிடத்தில் பெயிண்டு போயிற்று. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்று முதல் அவர் காலி செய்யச் சொல்லவும் இல்லை, சம்மதம் என்று சொல்லவும் இல்லை. முன்போல் வாசலில் நின்று பேசுவதில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. அவர் மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கீழறையைப் பற்றிக் கேட்டால், நானே வெளியே வந்து, அவர்கள் வீட்டுப் பெண்களைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போய்ப் பெஞ்சைக் காட்டுவேன். விருப்பமிருந்தால் படுத்துப் பார்க்கட்டும். போகச் சொன்னால் போவேன். அப்போதும் பெஞ்சு பகலில்தான் ஏறும்.

போர்டு போட்டாயிற்று. என் கையெழுத்திலேயே எழுதினேன். பாய் கொடுத்த நான்கு இரும்புத் துண்டுகளும் சன்னல் மேடையில் இருக்கின்றன. காற்றடிக்கும்போது திரை பறக்காமல் அதன் ஓரத்தில் பாரமாக வைத்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். பெஞ்சின் கால்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். பிறகு பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளும் என்னைப் போல் குள்ளமானவள். அந்தத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

"வெட்டச் சொன்னா வெட்டுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"விடாம சொன்னா வெட்டுவாங்க" என்றேன்.

ஐயா, அம்மையீர், நான் சொல்ல வந்தது இவ்வளவே. எந்த உயர்ந்த காரியத்தையும் சாதித்துவிட்டதாக நான் கருதவில்லை. ஆயினும் இந்த ஊரில் எத்தனையோ மேசைகள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் எத்தனையோ பலகைகள் இருக்கின்றன. ஒரு மேசை மட்டும் ஒருத்தியின் உயரத்துக்கு இறங்கி வந்தது என்பது எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும். இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் தங்களிடம் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.